மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தது

1994 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். முகம் மழித்துக் குளித்து, படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். பெட்டிகள் இரண்டையும் மாடியிலிருந்து இறக்கி, வாசல் கதவுக்கு உட்புறம், யாருக்கும் வழி மறிக்காதபடி வைத்தேன். இரண்டின் கைப்பிடியிலும் எங்கள் பெயரும் அன்றிரவு தங்கப்போகும் விடுதியின் பெயரும் எழுதிய அட்டையைக் கட்டினேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேன் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு நாங்கள் நடப்போம். மாலையில் அடுத்த விடுதிக்குப் போகும்போது பெட்டிகள் எங்களுக்காகக் காத்திருக்கும்.

அண்ணன் படிக்கட்டில் நின்று நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன் அங்கதான போவுது?"

"ஆமாண்ணா."

"அப்ப நாமளும் அதுல ஏறிக்கினா இன்னா? பெட்டிக்கு ஒரு ஞாயம், நமக்கு ஒரு ஞாயமா?"

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே நடப்பதற்கென்றே லீவு போடுவார்கள். எங்கேயும் போய்ச் சேருவதற்காக இல்லை. யார்க்‌ஷயரின் வடக்கே சுண்ணாம்புக்கல் மலைகள் உள்ள பகுதியில் ஒரு பெரிய மலையைச் சுற்றி நான்கு சிறிய ஊர்கள். முதல் ஊரில் கிளம்பி, இரண்டாவதில் ஒரு இரவு, மூன்றாவதில் ஒரு இரவு, நான்காவதில் ஒரு இரவு தங்கி, மறுபடி முதல் ஊருக்கே வந்துவிட வேண்டும். அதற்குப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். எந்தச் சுவரை எங்கே தாண்ட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. நானும் என் மனைவியும் போவதாகத்தான் ஜனவரியில் விடுதிகளுக்கு எழுதியிருந்தேன். மனைவிக்கு வார்டில் லீவு கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அண்ணனை அவள் இடத்தில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். "பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குடா பொறப்படணும்? நம்மூர்ல இதுக்குப் பேரு அலையறது" என்று லீட்ஸிலிருந்து பஸ் ஏறும்போதே சொன்னார். ஆனால் புதுக் காலணிக்கு லேஸ் கட்ட நான் சொல்லிக்கொடுத்தபோது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோலக் காலை நீட்டினார்.

அண்ணன் ஏகாம்பரம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்களுடையது சிட்லபாக்கத்தின் பழைய குடும்பங்களில் ஒன்று. ஏரிக்கரையை ஒட்டி இருந்த நிலம் எண்பதுகளின் தொடக்கத்தில் கல் நட்டு மனைகளாயிற்று. பயிர் வைத்த கை சும்மா இருக்க முடியாமல் அண்ணன் கிழக்குத் தாம்பரத்தில் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் விற்கும் கடை வைத்தார். எங்கள் நிலத்தில் எழுந்த வீடுகளுக்குப் பூச்சு வேலைக்கான சரக்கு அவர் கடையிலிருந்துதான் போயிற்று. நான் 1983-ல் இங்கே வந்தேன், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு. ஒவ்வொரு வருஷமும் வாருங்கள் என்று எழுதுவேன். பதினொரு வருஷம் கழித்து, தன் மகள் செல்விக்குக் கர்ப்பம் ஏழு மாதம் முடிந்த பிறகு, வந்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. செல்விதான் தள்ளி அனுப்பினாள். "போய்ட்டு வாப்பா, கொழந்த வந்துட்டா நீ வாசப்படி தாண்ட மாட்ட" என்றாளாம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பதால் அவள் சிட்லபாக்கத்திலேயே இருந்தாள். அண்ணி காலமாகி நான்கு வருஷம். வீட்டில் வேறு பெண்கள் இல்லை. மருமகன் முரளி குரோம்பேட்டையிலிருந்து வந்து அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டார். அவரிடம் நான் முன்கூட்டியே நான்கு விடுதிகளின் தொலைபேசி எண்களையும் தேதிவாரியாகச் சொல்லியிருந்தேன். எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் ஊரில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பெயர் முக்கியமில்லை. பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்பார்கள், படுக்கையும் காலைச் சாப்பாடும். நடத்துபவர் டெரிக் என்ற கன்னம் சிவந்த மனிதர். ரொட்டியைச் சுட்டு, சூடு ஆறட்டும் என்பதைப் போல ஒரு கம்பித் தாங்கியில் வரிசையாக நிறுத்திக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அதை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது கூடத்தில் போன் அடித்தது. டெரிக் தலையை நீட்டி, இந்தியா, என்றார்.

முரளிதான். அங்கே அப்போது மத்தியானம். செல்விக்கு முதல் நாளிலிருந்தே கால் வீங்கியிருந்தது, தலைவலி, காலையில் கண் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னாள். தாம்பரத்தில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மாவின் நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். பிரஷர் ஏறியிருக்கிறது. "பாத்துக்கலாம்னு சொல்றாங்க மாமா, பயப்படாதீங்க. ராத்திரி அடுத்த எடத்து நம்பருக்குப் பண்றேன்." அதோடு லைன் அறுந்தது.

அண்ணன் ரிசீவரை என்னிடம் நீட்டினார், அதில் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதைப்போல. "பிரஷர்னா இன்னாடா ஆவும்?"

என் வேலை அது. கர்ப்பிணிகளின் சிறுநீர்க் குப்பிகள் எங்கள் மேசைக்குத் தினமும் வரும். கால் வீக்கம், தலைவலி, மங்கிய பார்வை என்ற மூன்றும் ஒன்றாக எழுதப்பட்ட சீட்டு வந்தால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதை முதலில் எடுப்போம். "மாத்திரை குடுப்பாங்கண்ணா. குறைஞ்சுடும்" என்றேன்.

விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அண்ணனுடைய டிக்கெட் சனிக்கிழமைக்கு. அதற்கு முன்னால் இடமில்லை என்றார்கள், வேண்டுமானால் புதன்கிழமை மறுபடி கேட்கச் சொன்னார்கள். நான் பேசி முடித்து வரும்போது வாசலில் பெட்டிகள் இல்லை. வேன் வந்து போயிருந்தது. லீட்ஸுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, டாக்ஸி பிடிக்கலாம் என்றேன்.

"அங்க போயி உன் வூட்டுச் செவுத்தப் பாத்துகினு உக்காரணுமா? மாப்ள கையில கீற நம்பரு எல்லாம் இங்க கீற நம்பருதான? நடப்போம். சும்மா குந்திகினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்." சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "வேண்டிக்கினேன். செல்விக்காக இந்த மலைய ஒரு சுத்து சுத்தறேன்னு."

தோட்டத்து வாசலில் புத்தகத்தைப் பிரித்து வழி காட்டினேன். பாதை வலப்பக்கம் திரும்பி, மலையை இடது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு போயிற்று. அண்ணன் வரைபடத்தின்மேல் விரலால் அந்தச் சுற்றை ஒருமுறை வரைந்து பார்த்தார். பிறகு நின்றுவிட்டார்.

"இது இடஞ்சுத்தா போவுது."

"எல்லாரும் இப்படித்தாண்ணா போறாங்க. ஏத்தம் முதல்லயே முடிஞ்சுடும்."

"இடஞ்சுத்து எதுக்குச் சுத்தறதுன்னு தெரியுமா உனக்கு?" குரலை உயர்த்தவில்லை. "அம்மாவ வச்சுட்டு, தோள்ல பானைய வச்சுகினு சுத்துனேன். நான்தான் சுத்துனேன். நீ அங்க இல்ல, உனக்குத் தெரியாது. பொண்ணு ஆஸ்பத்திரியில கீறப்ப என்ன அப்படிச் சுத்தச் சொல்றியா?"

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து வழியை மறுபடி பார்த்தேன். மறுபக்கம் போவதென்றால், முதல் இரவு இரண்டாம் ஊருக்குப் பதில் நான்காம் ஊரில் தங்க வேண்டும். மூன்றாம் ஊர் எந்தப் பக்கம் சுற்றினாலும் திங்கட்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை மாற்றத்தை அங்கிருந்து பேசும்போது சொல்லிவிடலாம், ஆகவே இப்போதைக்குப் பிசகு ஓர் இரவுக்கு மட்டும்தான். அந்த ஓர் இரவுக்குரிய எண் முரளியின் சட்டைப்பையில் தவறாகிவிடும். அதைச் சரிசெய்ய டெரிக்கின் போனிலிருந்து சிட்லபாக்கத்துக்குப் பேசினேன். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. பக்கத்து வீட்டில் ரெயில்வேயில் ரிடையரானவர் ஒருவர் இருந்தார், அவர் வீட்டு எண்ணைத்தான் எல்லாருக்கும் கொடுத்து, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். செல்வியின் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எண்தான். அவர் பேனா எடுத்துவந்து நான்காம் விடுதியின் எண்ணை எழுதிக்கொண்டு, இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். "முரளி வீட்டுக்கு வந்ததும் கையில குடுத்துடறேம்பா."

டெரிக்கிடம் பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன். இரண்டாம் ஊருக்குப் போனவை நான்காம் ஊருக்கு வர வேண்டும், அந்த இரண்டு விடுதிகளுக்கும் தகவல் போக வேண்டும். அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பக்கமாக யாரும் போவதில்லையே, கடைசியில் செங்குத்தாக இறங்க வேண்டியிருக்குமே, என்றார். பிறகு, என்னால் ஆனதைப் பார்க்கிறேன், என்றார். நம் ஊர்க் கடையில் ஒருவர் 'பார்க்கலாம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இங்கே அந்தச் சொற்களுக்கு என்ன எடை என்று பதினொரு வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் நல்லபடியாக இருந்தது. ஆகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் திரும்பி நடந்தோம். மலை வலக்கைப் பக்கம் வந்தது. வெயில் இருந்தது, காற்று குளிர்ந்தது. வயல்களைப் பிரித்துக் கல் சுவர்கள் மலை உச்சிவரை ஓடின. எதிரே வந்த நடைக்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு எதிர்த்திசையில்தான் போனார்கள். ஒவ்வொருவரும் குட் மார்னிங் சொன்னார்கள். ஒரு கிழவர் தன் கைத்தடியால் பின்பக்கம் காட்டி, வழி தவறிவிட்டீர்களா, என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எங்களுக்கு உதவ வேண்டும் என்ற தவிப்போடு தன் வரைபடத்தைப் புல்லில் விரித்துப் பத்து நிமிஷம் விளக்கினார். நன்றி சொல்லிவிட்டு அதே திசையில் நாங்கள் தொடர்ந்து போனபோது வெகுநேரம் நின்று பார்த்தார்.

அண்ணன் அன்று சுவர்களைப் பற்றி மட்டும்தான் பேசினார். சாந்தே இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. கை வைத்து அசைத்துப் பார்த்தார். "இம்மாம் சுண்ணாம்புக் கல்லு கீது, ஒரு சட்டி சாந்து போட்டுப் பூசல பாரேன். இவனுங்க ஊர்ல நான் கடை வச்சா ஈ ஓட்டணும்." சிரித்தார். சிரித்த வாயை மூடாமலேயே, "இந்நேரம் எறங்கியிருக்கும்ல?" என்றார். பிரஷரைக் கேட்கிறார் என்று புரிந்து, இறங்கியிருக்கும் என்றேன்.

நான்காம் விடுதிக்காரம்மா கதவைத் திறந்து, எங்கள் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நீங்கள் செவ்வாய்க்கிழமை அல்லவா, என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஆமாம் கண்ணு, ஆனால் நீங்கள் செவ்வாய்க்கிழமை, என்றார் மறுபடி. ஏன் திருப்பிச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டபோது, மத சம்பந்தமான காரணம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் உடனே தெளிந்தது. அப்படியானால் காலையில் பன்றி இறைச்சி வேண்டாம்தானே, அதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா, என்று எங்களை உள்ளே விட்டார். துணி தேய்க்கும் பலகையை நகர்த்திவிட்டு மாடி அறையில் இரண்டு கட்டில் போட்டுக் கொடுத்தார். பெட்டிகள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் இந்தப் பக்கம் வருவதே இல்லையாம்.

பெட்டி எனக்குப் பெரிதாகப் படவில்லை. போன் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. ஏழு மணிவரை கூடத்தில் உட்கார்ந்தோம். ஜூன் மாதத்தில் இங்கே ஏழு மணிக்கு நம் ஊர் நாலு மணி வெளிச்சம் இருக்கும். அண்ணன் போனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வைத்த சூப்பைத் தொடாமல் இருந்தார். கடைசியில் நானே இரண்டாம் விடுதிக்குப் போன் செய்தேன். ஆமாம், ஓர் ஆள் கூப்பிட்டார், என்றார் அங்கே இருந்தவர். மிகவும் பதற்றமாக இருந்தார், சரியாகப் புரியவில்லை. நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று சொன்னேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். பெட்டிகள் மட்டும் வந்திருக்கின்றன என்றும் சொன்னேன், என்றார்.

முரளி இதை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். பெட்டி வந்துவிட்டது, ஆட்கள் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டால் நான்காம் விடுதியின் எண்ணைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ரெயில்வேக்காரர் வீட்டுக்குப் பேசினேன். அங்கே நள்ளிரவு நெருங்கியிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார், தூங்கவில்லை போலும். "வீடு பூட்டியிருக்குப்பா. காலைலேர்ந்து யாரும் வரலை. நீ சொன்ன நம்பரைக் கதவு இடுக்குல சொருகி வச்சேன். இப்பகூட டார்ச் அடிச்சுப் பாத்தேன், அப்படியே இருக்கு." அந்த நர்சிங் ஹோமின் எண் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. காலையில் நானே சைக்கிளில் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

 அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கத்து வீட்டு எண் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிஸி ஒலிதான் வந்தது. மூன்றாம் ஊருக்குப் போய்விட்டால் அன்றைய எண் சரியான எண், அங்கே பேசிவிடலாம், வேறு வழியும் இல்லை. மாற்றுத்துணி இல்லாமல் முந்தின நாள் சட்டையோடு நடந்தோம். அன்றைய பாதை மலைமேல் ஏறி, சுண்ணாம்புக்கல் திறந்து கிடந்த பெரிய தளத்தின்மேல் போயிற்று. காய்ந்த ஏரியின் களிமண் பாளம் பாளமாக வெடித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதையே கல்லில் செய்து, வெள்ளையாக்கி, மைல் கணக்கில் விரித்ததைப்போல இருக்கும். பாளங்களுக்கு இடையே கால் நுழையும் அளவு பிளவுகள், உள்ளே ஆழத்தில் செடிகள். ஒரு பிசகான அடி வைத்தால் கணுக்கால் முறியும். அண்ணன் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். இடையில் ஆடுகளைத் தவிர உயிரில்லை. அங்கே நின்று யாரையும் கூப்பிட முடியாது. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

இறக்கத்தில், புல் மூடிய ஒரு பழைய சூளை இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் இங்கேயும் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்திருக்கிறார்கள். அண்ணன் குனிந்து உள்ளே போனார். சுவரைத் தொட்டு, விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தார். நம்ம கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்னும் வெள்ளை, என்றார். வெளியே வரவில்லை. சூளை வாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

எனக்கு அண்ணியின் நினைவு வந்தது. தொண்ணூறில் மஞ்சள் காமாலை முற்றி, தாம்பரத்து டாக்டர்கள் கைவிரித்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்து, யார் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு நாள். மூன்றாம் நாள் அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட அண்ணன் ஏறுவதில்லை, கிண்டியிலேயே இறங்கி வேறு வண்டி மாறுவார் என்று செல்வி ஒருமுறை எழுதியிருந்தாள். அந்தச் சாவுக்கும் நான் போகவில்லை. கேள்விப்பட்ட அன்று மேசையில் இருந்த குப்பிகளை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துக்கத்தைக் கேட்டுவிட்டு, கேட்ட இடத்திலேயே அடுத்த வேலையைச் செய்வதுதான் நாம் இங்கே வந்து கற்றுக்கொண்டது. செய்ய வேலையே இல்லாமல் கேட்காத செய்திக்குக் காத்திருப்பது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

"தம்பி" என்றார் அண்ணன். "நேத்து மாத்திரை குடுப்பாங்கன்னியே, நெசமாவா?"

"குடுப்பாங்க."

"அதில்ல. அதுல சரியாவுமான்னு கேக்கறேன்."

நான் குனிந்து காலணி லேஸை அவிழ்த்துக் கட்டினேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மீதி வழியில் எனக்கு முன்னாலேயே போனார்.

மூன்றாம் ஊர் விடுதியில் ஒரு வயதான அம்மாள். எங்கள் பெட்டிகள் கூடத்தில் இருந்தன. பக்கத்தில் உள்ள சிறு மேசைமேல் போன். நாங்கள் உள்ளே நுழைந்து பை இறக்குவதற்குள் அது அடித்தது. அந்த அம்மாள் எடுத்து, ஆமாம், இதோ வந்துவிட்டார்கள், இருவரும் நலமாக இருக்கிறார்கள், என்று சத்தமாகச் சொன்னார். அண்ணன் ரிசீவரை வாங்கிக் காதில் அழுத்திப் பிடித்தார். முரளி ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று உரக்கப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"மாமா! இருக்கீங்களா மாமா? உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனக்கு இன்னா ஆவும். செல்வி எப்படிக் கீறா?"

"நல்லாருக்கா மாமா. கண்ணு தொறந்துட்டா. பேசறா. உங்களத்தான் கேட்டா."

அண்ணன் சுவரில் கை ஊன்றினார்.

"கொழந்த தங்கல மாமா. ஆம்பளப் புள்ள. மத்தியானம் போயிடுச்சு."

 முரளி தொடர்ந்தார், நிறுத்தினால் பேச முடியாமல் போய்விடும் என்பதைப்போல. ஞாயிறு இரவு செல்விக்கு வலிப்பு வந்திருக்கிறது. டாக்டரம்மா, இங்கேயே வைத்துப் பார்க்கிறதா, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறதா, உடனே சொல்லுங்கள் என்றிருக்கிறார். முரளியின் பெரியப்பா, தலைப்பிரசவம் பிறந்த வீட்டுப் பொறுப்பு, அவ அப்பாவக் கேக்காம நீ முடிவு பண்ணாதே என்றிருக்கிறார். முரளி ஸ்டேஷன் பக்கத்து பூத்துக்கு ஓடி வந்து கூப்பிட்டார். ஆட்கள் வரவில்லை என்றார்கள். அங்கேயே நின்று இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு திரும்பிப் போய், கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார். "உங்களக் கேக்காமப் பண்ணிட்டேன் மாமா. அத்தைக்கு அங்கதான் ஆச்சுன்னு தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன். நேத்து நீங்க போன்ல கெடைச்சிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க மாமா?"

"நீங்க பண்ணதத்தான் மாப்ள சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணன். "போய் ஒரு வாய் சாப்புடுங்க. அவகூட இருங்க. நான் சனிக்கெழம கெளம்பி வரேன்."

ரிசீவரை வைத்தார். சரியாக உட்காரவில்லை. நான் எடுத்து மறுபடி வைத்தேன். அந்த வயதான அம்மாள், நல்ல செய்தியா, என்று கேட்டார். நான் ஒரு குழந்தை என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு கையையும் தட்டி, ஓ, எவ்வளவு சந்தோஷம், என்றார். மீதியையும் நான் சொல்லி முடித்தபோது கை தட்டியபடியே நின்றது. பிறகு உள்ளே போய் எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து, சர்க்கரையைத் தானே போட்டுக் கலக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"மாப்ளகிட்ட பொய் சொன்னேன்" என்றார் அண்ணன். "நேத்து நான் அங்க இருந்திருந்தா, இல்ல போன்லயாவது கெடைச்சிருந்தா, அந்த ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். தாம்பரத்துலயே வச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன். அங்க வச்சிருந்தா செல்வி இருந்திருப்பாளாடா? நீ அந்த வேலைலதான கீற, சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன் என்றேன்.

"முன்னாடியே கொண்டு போயிருந்தா? மாப்ள பூத்துல நின்னுகினு இருந்த நேரத்துக்கு? புள்ள?"

"அது தெரியலண்ணா."

"அப்ப நான் இல்லாததே நல்லதா, கெட்டதா?"

இந்தக் கேள்வியை அதற்கு முன்னும் நான் வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறேன். அம்மா, அண்ணி, நிலம் பிரித்தது, கடையில் தீப்பிடித்தது என எதற்கும் நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு பதில் வைத்திருந்தேன். அண்ணனுக்குச் சொல்ல அவற்றில் ஒன்றும் உதவவில்லை. வெளியே மலையின்மேல் வெயில் இன்னும் இறங்காமல் நின்றது. டீ ஆறிற்று.

சாப்பிடும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார். "பேரு வைக்காத புள்ளைக்குத் தீட்டு நாள் கணக்கு கெடையாது. காலையில தலைக்கு ஊத்திக்கினா போதும்." குளியலறையைத் திறந்து காட்டினேன். தொட்டி மட்டும் இருந்தது. பக்கெட் இல்லை, சொம்பு இல்லை, ஷவர் இல்லை. "தேங்கின தண்ணியில நாமளே உக்காந்துகினா அது எப்படித் தலை முழுவறது ஆவும்?" என்று கதவைச் சாத்தினார். அந்த அம்மாளிடம் ஓடை எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால்தான், ஆனால் கோடையில் தண்ணீர் கல்லுக்கு அடியில் போய்விடும், வேண்டுமானால் மேலே ஏறிப் போக வேண்டும், என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக, அறையில் டீ போடுவதற்கு வைத்திருந்த மின்சாரக் கெட்டிலின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கெட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அண்ணன் வேட்டி கட்டி, துண்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். காய்ந்த ஓடையின் வெள்ளைக் கற்கள்மேல் ஏறிப் போனோம். ஒரு பாறையின் அடியிலிருந்து தண்ணீர் வந்து, பத்தடி ஓடி, மறுபடி கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் குந்தி உட்கார்ந்தார். நான் கெட்டிலில் மொண்டு அவர் தலையில் ஊற்றினேன். குளிரில் மூச்சை இழுத்தார், நகரவில்லை. மூன்று தடவை ஊற்றினேன். எழுந்து முகத்தைத் துடைக்காமலேயே கெட்டிலை என் கையிலிருந்து வாங்கி, நிரப்பிக்கொண்டு, தயங்கி நின்றார்.

"உனக்கும் ஊத்தணுமாடா? கடல் தாண்டிக் கீறவங்களுக்கு இதெல்லாம் உண்டா?"

"தெரியலண்ணா."

"எனக்கும் தெர்ல."

கெட்டிலின் மூக்கிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிக் காலணிக்குள் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் குந்தித் தலையைக் குனிந்தேன்.